தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஓர் அக்கா மோட்டார் சைக்கிள் கூடையில் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்தார். "தம்பி, இதை லேப்பில் கொடுத்து, எங்க கிணத்துத் தண்ணி நல்லதா கெட்டதான்னு கேட்டுச் சொல்லுப்பா" என்றார். வாங்கி மூடியைத் திறந்தால் ரோஸ் சிரப் வாசனை. காலை எட்டு மணிக்குக் கிணற்றில் மொண்டது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பாசாருக்குப் போய், வெயிலில் சுற்றி, மதியம் இரண்டு மணிக்கு என் கைக்கு வந்திருக்கிறது. இதை அனுப்ப முடியாதக்கா என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அவர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கம் (வயதானவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) வீடுகளில் தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. சுற்றிலும் செம்பனை, நடுநடுவே பழைய ஈய லம்பக் குட்டைகள், அதாவது ஈயம் தோண்டிய சுரங்கப் பள்ளங்களில் தேங்கிய குட்டைகள். தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்கள் இப்போது தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் இருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் பைப்புத் தண்ணீர் வருகிறது. ஆனால் 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து, சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தவித்தோமே, அப்போது பலர் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தார்கள். திறந்தவர்களில் சிலர் இன்னும் மூடவில்லை, அதில்தான் சமைக்கிறார்கள்.

முதல் தவறு அந்த அக்கா கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது. "நல்லதா கெட்டதா" என்று ஒரு டெஸ்ட் கிடையாது. ஆய்வகம் நாம் கேட்டதை மட்டும்தான் பார்க்கும். பேக்டீரியா மட்டும் கேட்டால் அது மட்டும் வரும், பக்கத்தில் ஆர்சனிக் இருந்தாலும் ரிப்போர்ட் வாய் திறக்காது. சுகாதார அமைச்சிடம் குடிநீருக்கென்று தர அளவுப் பட்டியல் இருக்கிறது, அதில் நீளமாக நிறைய பெயர்கள். எல்லாவற்றையும் பார்க்க யாருக்கும் கட்டாது. அதனால் டெஸ்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் என்ன இருக்கிறது? கழிவுத் தொட்டியா, கோழிக் கூடா, செம்பனைக்கு உரம் போட்ட இடமா, பழைய லம்பக் குட்டையா? கேட்க வேண்டிய பட்டியலை அதுதான் சொல்லும்.

நம் பக்கத்துக் கிணறு என்றால் நான் எப்போதும் கேட்கச் சொல்வது ஈ.கோலி, மொத்தக் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டும் கிருமிகள்), பிஎச் (அமிலத்தன்மை அளவு), கலங்கல், இரும்பு, மாங்கனீசு, அம்மோனியா, நைட்ரேட். லம்பக் குட்டை பக்கத்தில் இருந்தால் ஆர்சனிக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஈயத் தாதுவோடு சேர்ந்து கிடக்கும் பொருள் அது. களைக்கு மருந்து அடிக்கும் இடம் என்றால் எந்த மருந்து என்று பெயர் கேட்டுக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டார்கள், இப்போது அடிப்பது வேறு. "பூச்சிமருந்து எல்லாம் பாருங்க" என்று பொதுவாகச் சொன்னால், உங்கள் பக்கத்தில் அடிக்கும் மருந்து அவர்கள் பார்க்கும் வரிசையிலேயே இல்லாமல் போகலாம்.

இங்கே ஒரு சொல் குழப்பம். நாம் லம்பத்தில் எடுத்ததை ஈயம் என்கிறோம், அது வெள்ளீயம். குடிநீரில் பயப்பட வேண்டியது காரீயம், அது வேறு உலோகம், பெரும்பாலும் குட்டையிலிருந்து வருவதில்லை, பழைய பித்தளைப் பைப்பிலிருந்தும் பற்றவைத்த இணைப்பிலிருந்தும் கரைந்து வருவது. ஒரு பெரியவர் லம்பக் குட்டை பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று ஈயத்துக்குப் பணம் கட்டி, "இல்லை" என்று வந்ததும் நிம்மதியாக இருந்தார். அவர் பார்த்திருக்க வேண்டியது ஆர்சனிக்.

சரி, அடுத்தது போத்தல். இதில்தான் பாதிப் பேருடைய பணம் வீணாகிறது. பேக்டீரியா டெஸ்டுக்கு ஆய்வகம் கிருமி நீக்கிய போத்தல் தரும். உள்ளே அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூளோ ஒரு சொட்டு நீரோ இருக்கும். அழுக்கு என்று நினைத்து அதை அலசி ஊற்றிவிடுகிறார்கள்! அது சோடியம் தயோசல்பேட். பைப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரினை அந்த நொடியே முறிப்பதற்காகப் போட்டது. அது இல்லையென்றால் வழியெல்லாம் குளோரின் போத்தலுக்குள் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், கடைசியில் உங்கள் பைப்பில் இருந்த கிருமி ரிப்போர்ட்டில் இருக்காது. உலோகத்துக்குத் தரும் போத்தல் வேறு, அதில் சில சமயம் நைட்ரிக் அமிலம் இருக்கும், அதையும் கொட்டக்கூடாது, கையிலும் படக்கூடாது. அமிலம் இல்லாமல் எடுத்தால் இரும்பு போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டு, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

நான் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ரொம்ப நேரம் எடுப்பதாகத் தோன்றும். பைப்பு வாயில் திருகியிருக்கும் வலையைக் கழற்றுவேன், அதற்குள் வழுவழுவென்று ஒரு பாசி ஒட்டியிருக்கும், விரலால் தொட்டால் தெரியும். வாயை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உள்ளும் புறமும் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடுவேன். அப்புறம் ஓட்டத்தைக் குறைத்து, போத்தல் மூடியைக் கீழே வைக்காமல் கையிலேயே குப்புறப் பிடித்துக்கொண்டு, உள்பக்கம் விரல் படாமல், பேசாமல் பிடிப்பேன். பேசினால் எச்சில் தெறிக்கும். மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, உடனே ஐஸ் பெட்டிக்குள். உறையவும் விடக்கூடாது. அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும், 24 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்து, திங்கட்கிழமை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

கிணறு என்றால் இன்னும் கவனம். தரையில் கிடந்த வாளியை இறக்கினால் வாளியின் அழுக்கைத்தான் டெஸ்ட் செய்கிறோம். மோட்டார் இருந்தால் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, டாங்கிக்குப் போவதற்கு முன்னால் உள்ள பைப்பில் பிடியுங்கள்.

எந்தப் பைப்பில் பிடிக்கிறோம் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. நம் தாமான் வீடுகளில் பெரும்பாலும் சமையலறைப் பைப்பு மீட்டரிலிருந்து நேராக வரும், குளியலறைக்குக் கூரை டாங்கியிலிருந்து வரும். குளியலறையில் பிடித்துவிட்டு "பைப்புத் தண்ணியில் கிருமி" என்று தண்ணீர் நிறுவனத்தோடு சண்டைக்குப் போனால் என்ன பயன்? கிருமி நம் டாங்கியில். மூடி விலகி, பல்லி விழுந்து, அடியில் விரல் தடிமனுக்குச் சேறு படிந்த டாங்கிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மீட்டர் வரைக்கும் தண்ணீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூர் பொறுப்பு, மீட்டருக்கு இந்தப் பக்கம் நம் பொறுப்பு. எங்கே கெடுகிறது என்று தெரிய வேண்டுமானால் மீட்டர் பக்கத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, டாங்கிப் பைப்பில் ஒன்று என்று மூன்று எடுங்கள். ஃபில்டர் போட்டிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் எடுங்கள். கரி ஃபில்டர் குளோரினை எடுத்துவிடும், மாற்றாமல் விட்டால் அதற்குள்ளேயே கிருமி வளரும். முன்னால் சுத்தமாக இருந்த தண்ணீர் ஃபில்டரைத் தாண்டியதும் கெட்டு வந்த வீடுகள் உண்டு.

காரீயத்துக்கு மட்டும் நேர் எதிர் முறை. அதற்குத் தண்ணீரை ஓடவிடக் கூடாது. இரவெல்லாம், குறைந்தது ஆறு மணி நேரம், யாரும் திறக்காத பைப்பில் காலையில் விழும் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். பைப்பில் ஊறிக் கிடந்தது அதுதான்.

இப்போது வீட்டு வாசலுக்கு வரும் ஃபில்டர் விற்பனையாளர் விஷயம். இரண்டு கிளாஸ் வைப்பார், ஒன்றில் உங்கள் வீட்டுப் பைப்புத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் மெஷின் தண்ணீர். கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுப்பார். உங்கள் கிளாஸ் ஒரு நிமிடத்தில் பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாக நுரை கட்டும். மெஷின் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறீங்க" என்று சொன்னதும் எந்தத் தாய்க்குத்தான் மனசு பதறாது? என் அம்மாவே அப்படித்தான் பணம் கட்டப் போனார். அன்று நான் வீட்டில் இருந்தேன். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அந்தத் தெளிந்த கிளாஸில் போட்டு, இப்போது கம்பியை இறக்குங்கள் என்றேன். அதுவும் பழுப்பானது. அந்தப் பழுப்பு கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்து வந்தது. தாது இருக்கும் தண்ணீரில் கரண்ட் ஓடும், கம்பி கரையும். அவர்கள் மெஷினில் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் தாது ரொம்பக் குறைவு, கரண்ட் ஓடாது, கம்பி அப்படியே இருக்கும். தண்ணீரின் அழுக்கைப் பற்றி அந்தச் சோதனை ஒன்றுமே சொல்வதில்லை.

பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரும் கிட்டத்தட்ட இதே கதை. கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்த உப்பு இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிருமியோ காரீயமோ ஆர்சனிக்கோ அதற்குத் தெரியாது. மீட்டர் 60 என்று குறைவாகக் காட்டிய கிணற்றில் ஈ.கோலி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். "மீட்டர் குறைவாக் காட்டுது, அதனால நல்ல தண்ணி" என்று கைக்குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆய்வகம் தேடும்போது ஃபில்டர் விற்பவர் இலவசமாகச் செய்து தருவதை விட்டுவிடுங்கள். ஸ்டாண்டர்ட் மலேசியா துறை ஆய்வகங்களுக்குத் தரும் சாம் (SAMM) அங்கீகாரம், அதாவது ஐஎஸ்ஓ 17025 தரத்தில் உள்ள ஆய்வகமா என்று கேளுங்கள். அங்கீகாரம் இருந்தாலும் எல்லா டெஸ்டுக்கும் இருக்காது, நீங்கள் கேட்கும் டெஸ்ட் அதில் அடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கிணற்று விஷயத்தில் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலும் போய் விசாரிக்கலாம், கிராமப்புறக் கிணறுகள் அவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான்.

எப்போது எடுப்பது? நல்ல வெயில் காலத்தில் ஒருமுறை எடுத்துவிட்டு ஆயுளுக்கும் அதையே காட்டுகிறவர்கள் உண்டு. கிணறு மழைக்குப் பிறகுதான் கெடும். ஏப்ரல் மே மாதங்களிலும், அக்டோபர் நவம்பரிலும் நம் பக்கம் அடித்து ஊற்றும்போது மேட்டு நிலத்து அழுக்கு எல்லாம் உள்ளே இறங்கும், அந்தச் சமயத்தில் ஒன்று எடுங்கள். கிணற்றில் குளோரின் போட்ட மறுநாளே எடுக்காதீர்கள், எல்லாம் செத்துக் கிடக்கும், ரிப்போர்ட் அழகாக வரும். ஒன்றிரண்டு வாரம் கழித்து எடுத்தால்தான் கிருமி திரும்ப வருகிறதா என்று தெரியும்.

ரிப்போர்ட் வந்ததும் எந்த அலகில் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. ஈ.கோலி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது, அதில் பேச்சே இல்லை. இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீசு 0.1, ஆர்சனிக்கும் காரீயமும் 0.01, பிஎச் 6.5 முதல் 9 வரை என்பது நம் நாட்டு அளவு. சில ஆய்வகங்கள் மைக்ரோகிராமில் கொடுக்கும். அதில் ஆர்சனிக் 8 என்று இருந்தால் 0.008 மில்லிகிராம், அளவுக்குள்தான் இருக்கிறது. அதைப் பார்த்து இராத்திரி முழுக்கத் தூங்காத ஒருவரை எனக்குத் தெரியும். நைட்ரேட்டில் இன்னும் மோசமான குழப்பம். நம் அளவான 10 மில்லிகிராம் என்பது நைட்ரஜனாகக் கணக்கிட்டது. நைட்ரேட்டாகவே எழுதினால் அது ஏறக்குறைய 44. ஒரே தண்ணீர், இரண்டு எண். எதில் எழுதியிருக்கிறார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம், "கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறோம்" என்பவர்களுக்கு. கிருமிக்கு அது சரி, நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். நைட்ரேட்டும் ஆர்சனிக்கும் காரீயமும் ஆவியாகப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் பால் கலந்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடும் நகமும் நீலம் பாயும். உரம் போடும் தோட்டத்துப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால், டெஸ்ட் வரும் வரை பாலுக்குக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

அந்த அக்கா வீட்டுக்கு மறுவாரம் நானே போனேன். கிணற்றின் வளையத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே ஒரு விரிசல், அதற்கு நாலடி தள்ளி வாத்துக் கூடு, துணி துவைத்த தண்ணீர் அந்த விரிசலுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. மாதிரி எடுத்தேன், ஈ.கோலி இருந்தது, இரும்பு அளவைத் தாண்டியிருந்தது, நைட்ரேட் பயப்படும்படி இல்லை. அவர் மகன் கூட்டை இடம் மாற்றி, விரிசலைச் சிமெண்டு வைத்து அடைத்து, கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டிருக்கிறார். சமையலுக்கு இப்போதைக்குப் பைப்புத் தண்ணீர்தான். இன்னும் பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கப் போகிறேன், அதற்கான போத்தலை அக்காவிடமே கொடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் தூளைக் கொட்டிவிடாதீர்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன்.