இரத்தப் படலம்: படித்து, விளையாடி, பார்க்க ஒரு வழி

கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் 13 என்று பச்சை குத்திய, நினைவு தப்பிய மனிதன் ஒருவனின் கதைதான் நாம் 'இரத்தப் படலம்' என்று கொண்டாடுவது. 1984-ல் பெல்ஜியத்தின் ஸ்பிரூ வார இதழில் 'XIII' என்ற பெயரில் காமிக்ஸ் தொடராகத் தொடங்கியது. எழுத்து ழான் வான் ஹாம், சித்திரம் வில்லியம் வான்ஸ். அதே எண்பதுகளில் சிவகாசியின் லயன் காமிக்ஸ் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டது. பிற்பாடு வீடியோ கேம் வந்தது, டிவி படம் வந்தது, டிவி தொடரும் வந்தது. எதில் ஆரம்பிப்பது என்று என் அக்கா மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். திருப்பூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவள் நான். ஒரு காட்சி எங்கே வெட்டப்படுகிறது, சத்தம் எங்கே நுழைகிறது என்றுதான் என் கண் முதலில் தேடும்.

புத்தகத்தில் ஆரம்பியுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழுக்கதையையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, முதல் ஐந்து பாகம் போதும். ஜனாதிபதி ஷெரிடனின் கொலை, அதற்குப் பின்னால் இருக்கும் சதி, சதிகாரர்களின் கடைசி முயற்சி எல்லாம் ஐந்தாவது பாகத்தோடு ஒரு கட்டத்துக்கு வந்து நிற்கும். கேமும் அந்த ஐந்து பாகங்களைத்தான் எடுத்துக்கொண்டது. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

படிக்க உட்காரும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 1 முதல் 20 வரை வரிசையாக எண் போடுங்கள். சதிகாரர்கள் இருபது பேர், ஆளுக்கொரு எண். ஒவ்வொரு முகமாக வெளிப்பட வெளிப்பட அந்த எண்ணுக்கு நேரே பெயரை எழுதுங்கள். முதல் எண்ணுக்கு உரியவர் யார் என்பது வெகுநாள் காலியாகவே இருக்கும், இருக்கட்டும். எதிர்ப் பக்கத்தில் நாயகனின் பெயர்களை எழுதி வாருங்கள். ஆலன், ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டானர் என்று பாகத்துக்குப் பாகம் நீளும். எந்தப் பெயர் யார் கொடுத்தது, எது அவனாகவே வைத்துக்கொண்டது என்பதையும் குறியுங்கள். ஆலன் என்பது, கரையில் குண்டடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவந்து காப்பாற்றிய கிழவர் ஏபும் அவர் மனைவி சாலியும், இறந்துபோன தங்கள் மகனின் பெயரை அவனுக்குக் கொடுத்தது. கதையில் அவனுக்குக் கிடைக்கும் பெயர்களில் பாசத்தோடு வந்தது அது என்பதால், பின்னால் வரும் ஒவ்வொரு பெயரையும் நான் அதோடு ஒப்பிட்டுத்தான் படிக்கிறேன்.

அடுத்தது, பக்கத்தின் கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். வாரப் பத்திரிகைத் தொடராக வந்த கதை இது. சில பக்கங்களை மட்டும் கொடுத்துவிட்டு ஒரு வாரம் வாசகனைக் காக்க வைக்க வேண்டும். அதனால் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு கதவு திறக்கும், ஒரு துப்பாக்கி முனை தெரியும், ஒருவன் திரும்பிப் பார்ப்பான். எங்கள் தொழிலில் இதை 'கட்' என்போம். வான்ஸ் அந்த 'கட்'டை வாசகனின் கையிலேயே கொடுத்துவிடுகிறார், பக்கத்தைப் புரட்டினால்தான் அடுத்த ஷாட். இந்த ஒன்றைக் கண்டுகொண்டால், கேமும் டிவியும் எதைக் காப்பாற்றின, எதை விட்டன என்பது தானாகப் புரியும்.

கருப்பு வெள்ளையா வண்ணமா என்று கேட்பவர்களுக்கு: 2010-ல் லயன் கொண்டுவந்த அந்தத் தடித்த ஒற்றைத் தொகுப்பு கருப்பு வெள்ளை. கிடைத்தால் விடாதீர்கள், வான்ஸின் மைக்கோடு அதில்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் முதல் வாசிப்புக்கு வண்ணப் பதிப்பே நல்லது. இரவா பகலா, இது நடப்பா பழைய நினைவா என்பதை நிறமே சொல்லிவிடும்.

சரி, ஐந்து பாகம் முடிந்தது. இப்போது கேம். 2003-ல் யூபிசாஃப்ட் வெளியிட்டது. 'கிளாசிக்' என்ற ஒட்டோடு, கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் கிடைக்கிறது, பழைய கணினியிலும் ஓடும். துப்பாக்கிச் சண்டை நிறைய, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 2020-ல் வந்த மறு ஆக்கத்தை வாங்கிவிடாதீர்கள். வெளியானபோது பிழைகள் மலிந்திருந்ததால் தயாரித்தவர்களே மன்னிப்புக் கேட்டார்கள், 2022-ல் பெரிய திருத்தமும் போட்டார்கள். ஆனாலும் பழையதில் இருந்த சித்திரத்தன்மை அதில் மங்கிப்போய்விட்டது.

பழைய கேமில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சுவருக்கு அப்பால் காவலாளி நடந்தால் காலடிச் சத்தம் எழுத்தாகவே திரையில் நகரும். காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் படிக்கிறீர்கள், அதுதானே காமிக்ஸ்! குறி சரியாக விழுந்தால் மேலே மூன்று சின்னக் கட்டங்கள் வரிசையாகத் தோன்றி அந்த ஒரு நொடியைத் துண்டு துண்டாகக் காட்டும். உருவங்களுக்குத் தடித்த வெளிக்கோடும் தட்டையான வண்ணமும் உண்டு. இந்தக் கதையை வேறு வடிவத்துக்குக் கொண்டுபோனவர்களில் புத்தகத்தின் இலக்கணத்தைப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் தொடக்கத்தில் கோட்டை விட்டார்கள். ஏபும் சாலியும் இல்லை. கடற்கரையில் உயிர்காப்பாளராக (லைஃப்கார்ட்) இருக்கும் ஒரு பெண் அவனைக் காப்பாற்றுகிறார், உடனே சுடப்பட்டுச் சாகிறார், நாம் துப்பாக்கியைத் தேடி ஓடுகிறோம். ஆட்டம் சீக்கிரம் தொடங்க வேண்டுமே! புத்தகத்தில் காயம் ஆறும்வரை அந்த வீட்டில் ஓர் அமைதி இருக்கும். அந்த அமைதி இல்லாமல் அதன் அழிவு வலிக்காது. 'தொடரும்' என்று முடியும் கேமுக்குக் கணினியில் தொடர்ச்சி வரவே இல்லை என்பதையும் தெரிந்துகொண்டே ஆரம்பியுங்கள்.

டிவி வடிவங்களைக் கடைசியில் பாருங்கள். 2008-ல் வந்த இரண்டு பகுதிப் படத்தில் ஸ்டீபன் டார்ஃப் நாயகன், கொலையாளி மங்கூஸாக வால் கில்மர். அதில் கொல்லப்படும் ஜனாதிபதி ஒரு பெண். புத்தகத்தில் அந்தக் கொலை அப்பட்டமாகக் கென்னடியை நினைவூட்டும், திறந்த கார், சுட்டவனைத் தேடும் விசாரணை, பதவிக்கு வரத் துடிக்கும் தம்பி. படம் அந்த நிழலை விட்டுவிட்டு தன் காலத்து அரசியலுக்கு நகர்கிறது. அது தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் நோட்டை எடுத்து எதெல்லாம் மாறியது என்று குறியுங்கள். 2011-ல் தொடங்கிய தொடரில் ஸ்டூவர்ட் டவுன்சென்ட் நாயகன். நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

'இது பார்ன் படத்தின் கதைதானே' என்று யாராவது சொல்வார்கள். ராபர்ட் லட்லமின் நாவல் 1980-லேயே வந்தது, வான் ஹாமுக்குப் பொறி அங்கிருந்துதான். ஆனால் மாட் டேமன் நடித்த படம் 2002-ல்தான். கடலோரம், குண்டுக்காயம், மறதி, இவ்வளவுதான் பொது. பச்சை குத்திய எண்ணும் இருபது பேரும் வான் ஹாமுடையவை.

இதெல்லாம் முடிந்தபின் ஆறாவது பாகத்துக்குத் திரும்புங்கள். வான் ஹாம் எழுதியவை மொத்தம் 19 பாகங்கள். அசல் வரிசையில் 13-வது வழக்கமான சித்திரக்கதை அல்ல, கோப்புகளும் குறிப்புகளுமாக வரும் ஒரு விசாரணை அறிக்கை. உங்கள் நோட்டைத் திருத்திக்கொள்ள அது உதவும். 18-வதை வரைந்தவர் வான்ஸ் அல்ல, தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குப் பழக்கமான கௌபாய் நாயகன் கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோ. கோடு மாறியது கண்டு திகைக்காதீர்கள். அதுவும் 19-வதும் 2007-ல் ஒன்றாகவே வெளியானவை. 18-ஐ முடித்த கையோடு 19-ஐயும் எடுத்துவிடுங்கள், நடுவில் இடைவெளி விட வேண்டாம்.