‘மோர்ஓவர்’ போட்டால் மதிப்பெண் கூடுமா?

வேலூர்ப் பக்கம் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை நோட்டைப் புரட்டினால், பத்திக்குப் பத்தி ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘ஹவ்வெவர்’ என்றுதான் தொடங்கும். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. இந்த இணைப்புச் சொற்களைக் கூட்டல், மாறுபாடு, காரணம் என்று அட்டவணை போட்டு நாம்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒரே கட்டத்துக்குள் இருப்பதால் எதை எங்கே போட்டாலும் ஒன்றுதான் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ‘பட்’ இரண்டு வாக்கியங்களை ஒட்டும். ‘ஹவ்வெவர்’ ஒட்டாது, அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். ‘ஆல்தோ’வில் தொடங்கும் பகுதி தனியாக நிற்காது. ‘பாலாறு பல மாதம் வறண்டு கிடக்கும். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியது.’ இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் கொடுத்து மூன்று விதமாகவும் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கே புள்ளி, எங்கே காற்புள்ளி என்பது அப்போதுதான் கண்ணில் படும். ‘ஆல்தோ’வில் தொடங்கி நடுவில் ‘பட்’டும் போடுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ‘வறண்டு கிடந்தாலும் ஆனால்’ என்று தமிழில் எழுதுவோமா என்று கேட்டால் போதும்.

சொல்லைக் கொடுத்து வாக்கியம் கேட்பதும் தலைகீழ் வேலை. 1806 வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் வைத்த புதுத் தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் தடை, ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுச்சி. இணைப்புச் சொல்லே இல்லாத குட்டி வாக்கியங்களாக இதைக் கொடுத்து, எதனால் எது நடந்தது என்று முதலில் தமிழிலேயே பேசவிடுங்கள். அப்புறம் ‘பிகாஸ்’ஸா ‘ஆஃப்டர்’ரா என்று கேளுங்கள். ‘ஆஃப்டர்’ வரிசையைத்தான் சொல்லும். இதுதான் காரணம் என்று பொறுப்பேற்காது. சரித்திர விடைத்தாளில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

சில ஆசிரியர்கள் இணைப்புச் சொல் இல்லாத இடமெல்லாம் சிவப்பு மை வைப்பார்கள். வேண்டாத வேலை. 1976இல் மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருகையா ஹசனும் ஆங்கில வாக்கியங்களைப் பிணைக்கும் வழிகளை ஐந்தாக வகுத்தார்கள். இணைப்புச் சொல் அதில் ஒன்றுதான். சிப்பாய்களைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்ன பிறகு அடுத்தது ‘தே’ என்று தொடங்கினாலே பிணைப்பு வந்துவிடும்.

‘டெஸ்பைட்’டோடு வேண்டாத ‘ஆஃப்’ சேர்ப்பது போன்ற பிழைகளைக் கரும்பலகையில் எழுதி அடித்துக் காட்டினால் சரியாகிவிடும். ‘ஆன் தி அதர் ஹேண்ட்’தான் பிடிவாதக்காரன். எதிர்ப்பக்கமே இல்லாத இடத்தில், ‘மேலும்’ என்ற பொருளில் வந்து உட்கார்ந்திருக்கும். திருத்தும்போது அதை விரலால் மறைத்துவிட்டுப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். பொருள் குறையவில்லை என்றால் அடித்துவிடலாம்.