'நானா இருந்தா...' என்று ஆரம்பிக்காதீர்கள்: அடுத்தவர் படத்துக்குக் கருத்துச் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கேமராவோடு சுற்றும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் நாங்களும் உண்டு. பழைய கலங்கரை விளக்கத்தில் ஆரம்பித்து மஞ்சள் சுவர்த் தெருக்களில் நடந்து, வெயில் ஏறியதும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் படத்தை இன்னொருவர் பார்ப்போம். கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி அந்த டீக்கடையில்தான் நடக்கிறது. சமீபமாகப் புதியவர்கள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். படம் நன்றாகவே எடுக்கிறார்கள். ஆனால் அடுத்தவர் படத்தைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், நாங்கள் ஒரு காலத்தில் பேசிய அதே பேச்சு வருகிறது.

கிண்டல் கூடாது, 'சூப்பர் அண்ணா' என்பதில் கருத்தே இல்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாட்ஸ்அப் படத்தில் கூர்மை தேடுவது

குழுவில் படம் வந்த உடனே இரண்டு விரலால் பெரிதாக்கி, 'கண்ணு ஷார்ப்பா இல்லையே' என்று ஒருவர் எழுதுவார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேரும். முடி, மணல், வலைக்கண்ணி மாதிரி நுணுக்கமான விஷயங்கள் அதில்தான் முதலில் அடிபடும். எந்த ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), என்ன ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை வாங்கும் திறன்) என்ற விவரமும் வழியிலேயே கழன்றுவிடும். கூர்மையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், 'டாக்குமென்ட்டா அனுப்புப்பா' என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். அதே மாதிரி, டீக்கடை வாசல் வெயிலில் போன் திரையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு 'இருட்டா இருக்கு' என்று சொல்வது. திரையை நம்பாதீர்கள். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் ஹிஸ்டோகிராம், அதைத் திறந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

'என்ன கேமரா?'

கேட்காதீர்கள்.

'நானா இருந்தா...'

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

கடலூர் முதுநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் எங்களோடு வருவான். வீட்டில் மீன்பிடித் தொழில். ஒரு மே மாதம் துறைமுகத்தில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்தான். விசைப்படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. முன்னால் மூடி திறந்த ஒரு ஐஸ் பெட்டி. அதன் நிழலில் ஒரு நாய் தூங்குகிறது. ஆள் நடமாட்டமே இல்லை. உச்சி வெயில், நிழல் எல்லாம் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது.

குழுவில் மூத்தவர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார். 'உயிரே இல்லையே தம்பி. நானா இருந்தா காலையில ஆறு மணிக்குப் போயிருப்பேன். அந்தப் பொட்டியைத் தள்ளி வெச்சுட்டு, படகு மேல ஒருத்தரை நிக்கச் சொல்லி, பின்னாடி சூரியன் வர்ற மாதிரி எடுத்திருப்பேன்.' சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தம்பி 'சரி சார்' என்று போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். அந்த நாட்களில் துறைமுகத்தில் ஏலம் இல்லை, ஐஸ் வண்டி இல்லை, சத்தம் இல்லை. மற்ற நாளில் அந்த இடத்தில் ஒரு நாய் காலை நீட்டிப் படுக்க முடியுமா? உயிர் இல்லை என்று அவர் குறை சொன்னாரே, அதைத்தான் அந்தப் பையன் எடுத்திருந்தான். 'இது எப்ப எடுத்ததுப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், நானா இருந்தா பிரியாணி செய்திருப்பேன் என்பது போன்ற பதில் அது. அவர் சொன்ன படம் ஒன்றும் மோசமான படமில்லை. ஆனால் அது அவருடைய படம். அவர் மனதில் ஏற்கெனவே இருந்தது. தம்பியின் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை தம்பி என்ன கொண்டுவந்தான் தெரியுமா? படகு, நிற்கும் ஆள், பின்னால் ஆரஞ்சுச் சூரியன். எல்லாரும் கைதட்டினார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து வீராம்பட்டினம் வரை எந்தக் கரையில் யார் போய் நின்றாலும் கிடைக்கும் படம் அது. அந்த ஐஸ் பெட்டிப் படம் அவன் ஒருவனுக்குத்தான் கிடைக்கும். அதற்கப்புறம் அந்த மாதிரி ஒன்றை அவன் எங்களிடம் காட்டவில்லை. இந்தத் தவறுக்குக் கொடுக்கும் விலை இதுதான். எடுத்தவர் சண்டை போடுவதில்லை, கோபித்துக்கொள்வதுமில்லை. தனக்குத் தோன்றியதை விட்டுவிட்டு, நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அது முன்னேற்றம் என்று நாமும் நம்பிவிடுவோம்.

அப்படியானால் குறையே சொல்லக்கூடாதா? அந்தப் படத்தில் சொல்ல நிறைய இருந்தது. பெட்டியின் கீழ் விளிம்பு சட்டத்தில் வெட்டுப்பட்டிருந்தது. கேமரா தாழ்வாக இருந்ததால் பெட்டி காலி என்பதே தெரியவில்லை. இரண்டு எட்டு முன்னால் போய், கையைத் தூக்கி மேலிருந்து எடுத்திருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்பது பளிச்சென்று தெரிந்திருக்கும். பெட்டி மூடியின் வெள்ளை உட்புறம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்திருக்கலாம் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). இடது ஓரத்தில் பாதி பைக் சக்கரம் ஒன்று நீட்டிக்கொண்டு கண்ணை இழுத்தது. இத்தனையும் குறைதான், ஆனால் அவன் சொல்ல வந்ததை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வைக்கும் குறைகள். உச்சி வெயிலை மட்டும் தொட்டிருக்கமாட்டேன். தடைக்காலத்து மே மாதப் பகல் அப்படித்தான் இருக்கும்.

'நானா இருந்தா' நாக்கு நுனிக்கு வந்தால் அதை விழுங்கிவிட்டு, 'இதுல நீ எதைப் பார்க்கச் சொல்ற?' என்று கேட்டுப் பாருங்கள். எடுத்தவருக்கே பதில் தெரியவில்லை என்றால், அன்றைக்குப் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

மூன்றில் ஒரு பங்கு

'நடுவுல வெச்சுட்டியே, ரூல் ஆஃப் தேர்ட்ஸ் தெரியாதா?' சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் மும்மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் விதி இது. இந்த விதிக்கு இந்தப் பெயர் வைத்து 1797-ல் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர். இயற்கைக் காட்சி ஓவியங்களில் வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்ற மாதிரியான பேச்சு அது. புகைப்படக் கேமரா என்ற பொருள் கடைக்கே வராத காலம். ஆரம்பத்தில் பழகுவதற்கு நல்ல விதிதான், நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் திருவந்திபுரம் கோவில் வாசலை நேராக நின்று எடுத்தவரிடம் போய் அதை ஓரமாகத் தள்ளச் சொன்னால் எப்படி? நடுவில் இருப்பது உறுத்துகிறதா என்று பாருங்கள். உறுத்தினால் ஏன் என்று சொல்லுங்கள்.

பட்ட பாட்டைப் பாராட்டுவது

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். அந்தக் கூட்டத்தில் கேமராவைத் தூக்குவதே பெரும்பாடு. விடியும் முன்பே போனது, செருப்பு தொலைந்தது, லென்ஸில் உப்புத்தண்ணீர் அடித்தது என்று கதை சொல்லிவிட்டு ஒருவர் படத்தைக் காட்டுவார். கதை நன்றாக இருந்ததால் படத்துக்கும் சேர்த்து மார்க் போட்டுவிடுவோம். படத்தில் முதுகுகளும் குடைகளும்தான் இருக்கும். முதலில் படத்தை வாங்கிப் பாருங்கள். கதை டீயோடு வரட்டும்.

கேட்காமல் கை வைப்பது

அடுத்தவர் படத்தை கிராப் செய்து (ஓரங்களை வெட்டி), நிறத்தை ஏற்றி, 'இப்ப பாரு' என்று குழுவில் போடுவது. அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

ஒரே மூச்சில் பத்துக் குறை

புதிதாக வந்த ஒருவர் சூரிய உதயத்தில் தன் அம்மாவைக் கடல் பின்னணியில் எடுத்திருந்தார். முகம் கரிக்கட்டை. தொடுவானம் சாய்ந்திருக்கிறது, பின்னால் யாரோ முதுகு, கைப்பை பாதி வெட்டு, நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கரடுமுரடு) என்று ஆளுக்கொன்றாக அடுக்கினார்கள். அவர் எதைத்தான் பிடித்துக்கொள்வார்? அடுத்த ஞாயிறு போய்ச் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னால் போதும். நமக்குச் சூரியன் கடலிலிருந்து வருகிறது. நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், அம்மாவை உங்களைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள், அந்த வெளிச்சம் அப்படியே அவர் முகத்தில் விழும். கைப்பையையும் நாய்ஸையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.