கன்ஸ்ட்ரக்டரைக் கையால் டைப் செய்ய வேண்டாம்

ஜாவா கிளாஸில் ஏழெட்டு ஃபீல்டு (மதிப்பைச் சேமிக்கும் மாறி) இருந்தால், அவற்றுக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கும் கன்ஸ்ட்ரக்டரை எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிடும். அலுப்பைவிடப் பிழைதான் பெரிய தொல்லை. ஒரே ஒரு வரியில் ஃபீல்டு பெயருக்கு முன் வரும் 'திஸ்' (this) விட்டுப்போனால், அதே பெயருள்ள பாராமீட்டர் (கன்ஸ்ட்ரக்டருக்குள் வரும் மதிப்பு) தன்னையே தனக்கு அசைன் செய்துகொள்ளும். கம்பைல் ஆகிவிடும், ஆனால் ஃபீல்டு மதிப்பு எதுவும் இல்லாமல் 'நல்' (null) ஆகவே கிடக்கும். நான் ஒருமுறை அரைநாள் தேடியிருக்கிறேன்.

ஜாவா எழுத உதவும் இன்டெலிஜே ஐடியா (IntelliJ IDEA) எடிட்டரில் கர்சரைக் கிளாஸுக்குள் வைத்து ஆல்ட் + இன்சர்ட் அழுத்துங்கள் (மேக்கில் கமாண்ட் + என்). வரும் மெனுவில் கன்ஸ்ட்ரக்டரைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலைப் பிடித்தபடி வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் குறியுங்கள். ஓகே கொடுத்தால் முழு கன்ஸ்ட்ரக்டரும் தயார்.

பின்னால் புதிதாக ஒரு ஃபைனல் ஃபீல்டு (ஒருமுறை மட்டுமே மதிப்பு கொடுக்கக்கூடியது) சேர்த்தீர்களா? அதன்மேல் கர்சரை வைத்து ஆல்ட் + என்டர் அழுத்துங்கள். இருக்கும் கன்ஸ்ட்ரக்டரிலேயே பாராமீட்டராகச் சேர்த்துவிடலாம். எக்லிப்ஸ் எடிட்டரில் ஆல்ட் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தினால் வரும் மெனுவில் கன்ஸ்ட்ரக்டர் உருவாக்கும் வசதி கிடைக்கும்.