காலாவதியான 30 நாள் விசாவைக் கட்டணமில்லாமல் மாற்றியது

2020 மார்ச். பிரிட்டனில் நர்ஸ் வேலைக்கான விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வந்தது. உள்ளே நுழைய 30 நாள்தான் கெடு. அதற்குள் கொரோனாவால் சர்வதேச விமானங்கள் நின்றுபோயின. வேலூரில் இருந்தபடியே கெடு முடிந்தது.

காட்பாடியில் ஒரு ஏஜென்ட், "புதுசா அப்ளை பண்ணிடும்மா" என்றார். திரும்பவும் முழுக் கட்டணமா? விசா மையத்துக்குப் போன் செய்தால் பதிவு செய்த குரல்தான்.

கடைசியில் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் வழி கிடைத்தது: 2020 முடியும்வரை மாற்று விசா இலவசம், மின்னஞ்சலில் கேட்க வேண்டும். பலர் கவனிக்காதது இதுதான்: தலைப்பில் 'ரீப்ளேஸ்மெண்ட் 30 டே விசா' என்று அவர்கள் சொன்னபடியே இருக்க வேண்டியிருந்தது. உள்ளே பெயர், பிறந்த தேதி, நாடு, அப்புறம் ஜிடபிள்யூஎஃப் எண். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் எண் அல்ல. விண்ணப்பித்தபோது மின்னஞ்சலில் வந்த எண்.

ஊரடங்கில் மூடியிருந்த விசா மையம் திறந்ததும் அழைப்பு வந்தது. அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டுமே! அந்த அழைப்பையே சான்றாக இணைத்தேன், கிடைத்தது. சென்னையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். புதுத் தேதியோடு திரும்பியது. முதல் விசாவோடு வந்த அனுமதிக் கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை. பிரிட்டனில் தங்குவதற்கு அப்போது தந்த பிஆர்பி என்ற அடையாள அட்டையை வாங்க அதைத்தான் கேட்டார்கள்.