துப்பாக்கி கம்பெனி மேல் வழக்கு: செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

நான் இருப்பது கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில். சாண்டி ஹூக் பள்ளி இருக்கும் நியூடவுன் எங்களுக்குப் பக்கத்து ஊர். 2012 டிசம்பர் 14 அன்று அங்கே 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டபோது என் மகளும் ஒன்றாம் வகுப்புதான். அன்றிலிருந்து இந்த வழக்குகளை விடாமல் படிக்கிறேன். "துப்பாக்கி செய்தவன் மேல் கேஸே போட முடியாதாமே?" என்று இங்குள்ள தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். போடலாம். என்ன காரணம் சொல்லிப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

அவர்கள் அப்படிக் கேட்கக் காரணம் ஒரு சட்டம். செய்திகளில் பிஎல்சிஏஏ (PLCAA) என்று வருவது அதுதான்; துப்பாக்கி வணிகத்தைப் பாதுகாக்கும் அமெரிக்க மத்தியச் சட்டம். 1990களின் இறுதியில் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ போன்ற நகரங்கள் துப்பாக்கி கம்பெனிகள் மேல் வரிசையாக வழக்குப் போட்டன. அதைத் தடுக்க 2005 அக்டோபரில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இதில் கையெழுத்திட்டார். வேறொருவன் செய்த குற்றத்துக்காகத் துப்பாக்கியைச் செய்தவரிடமோ விற்றவரிடமோ நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் 6 விலக்குகள் உண்டு. அவற்றில் மூன்றை இங்கே பார்க்கலாம்.

முதலில், வழக்கு கடை மேலா, கம்பெனி மேலா என்று பாருங்கள். கடை என்றால், வாங்குகிறவர் ஆபத்தானவர் என்று தெரிந்தும் விற்றார்களா என்பதே கேள்வி. மிசௌரியில் ஒரு தாய், மனநோயுள்ள தன் மகளுக்குத் துப்பாக்கி விற்காதீர்கள் என்று கடைக்குப் போன் செய்து கெஞ்சினார். விற்றார்கள். மகள் தன் அப்பாவைச் சுட்டுக் கொன்றாள். 2016-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை நடத்த அனுமதித்தது. கடை 22 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

கம்பெனி மேல் என்றால் மனுவில் ஒன்றைத் தேடுங்கள்: கம்பெனி தானே மீறியதாகச் சொல்லப்படும் சட்டம் எது? அது இல்லாத மனு பெரும்பாலும் தொடக்கத்திலேயே விழுந்துவிடும். அந்தக் கொலைகளில் பயன்பட்டது போன்ற ஆயுதத்தைப் பொதுமக்களுக்கு விற்றதே தவறு என்ற சாண்டி ஹூக் குடும்பங்களின் வாதம் நிற்கவில்லை. நின்றது விளம்பரம். 'உங்கள் ஆண்மை அட்டை திரும்பக் கிடைத்தது' என்ற பொருளில், கொலையாளி பயன்படுத்திய புஷ்மாஸ்டர் வகைத் துப்பாக்கிக்கு விளம்பரம் செய்திருந்தார்கள். அது மாநிலத்தின் நியாயமற்ற வணிகச் சட்டத்தை மீறியது என்ற வாதத்தை, 2019 மார்ச்சில் 4-க்கு 3 என்ற கணக்கில் எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்று, வழக்கு தொடரலாம் என்றது. 2022 பிப்ரவரியில் 9 குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர். கொடுத்தவை, புஷ்மாஸ்டரைச் செய்த, பின்பு திவாலான ரெமிங்டனின் இன்சூரன்ஸ் கம்பெனிகள். கம்பெனியின் உள் ஆவணங்களை வெளியிடும் உரிமையையும் அந்தப் பெற்றோர் விடாமல் வாங்கினார்கள். எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது. ஒன்று நினைவிருக்கட்டும்: இது சமரசம், தீர்ப்பு இல்லை.

சட்ட மீறல் என்று எழுதிவிட்டாலும் போதாது. தங்கள் நாட்டுக்குத் துப்பாக்கி கடத்துகிறவர்களுக்கு அமெரிக்கத் துப்பாக்கி கம்பெனிகள் துணைபோயின என்றது மெக்சிகோ அரசு. எந்தக் குறிப்பிட்ட விற்பனையில், எப்படித் துணைபோயின என்பதை மனு காட்டவில்லை என்று 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் தள்ளிவிட்டார்கள்.

அப்புறம், 'வடிவமைப்புக் குறை', அதாவது துப்பாக்கியைச் செய்த விதத்திலேயே குறை என்று படித்தால் நிதானியுங்கள். இல்லினாயில் ஒரு 13 வயதுச் சிறுவன், மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றிவிட்டோம், தோட்டா இல்லை என்று நம்பி விசையை அழுத்தினான். உள்ளே ஒரு தோட்டா இருந்தது. நண்பன் இறந்தான். விசையை அழுத்தியது குற்றச் செயல், அதுவே ஒரே காரணம் என்று 2009-இல் அந்தத் துப்பாக்கியைச் செய்த பெரெட்டா கம்பெனியை அந்த மாநில உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

நீங்களே வழக்குப் போடும் நிலை வந்தால், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில் என்பதை வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கொலராடோவின் அரோரா திரையரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மகளைப் பறிகொடுத்த பெற்றோர், ஆன்லைனில் தோட்டா விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். கொலராடோவின் அன்றைய சட்டப்படி 2 லட்சம் டாலருக்கு மேல் அவர்களையே கட்டச் சொன்னது நீதிமன்றம். கொலராடோ அந்தச் சட்டத்தை 2023-இல்தான் மாற்றியது.