டேப் வெளியே வர மறுத்தால்

பேக்கப் டேப் டிரைவின் எஜெக்ட் பட்டனை நாலு தடவை அமுக்கிவிட்டு "டிரைவ் போச்சு சார்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: பச்சை விளக்கு மினுக்குதா, நின்னு எரியுதா?

மினுக்கினால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எல்டிஓ என்ற பேக்கப் டேப் வகையின் கார்ட்ரிஜுக்குள் ஒரே சுருள்தான். இன்னொன்று டிரைவுக்குள் இருக்கிறது. அதன் ஐந்தாம் தலைமுறையான எல்டிஓ-5 என்றால் 846 மீட்டர் நாடா. அதில் வெளியே போனதெல்லாம் திரும்பிச் சுற்றி முடியும்வரை பட்டன் பேச்சு எடுபடாது. காதைக் கிட்டே வைத்தால் சீரான இரைச்சல் கேட்கும். அது கேட்கும்வரை டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் நின்று, விளக்கும் நிலையாக எரிந்து, அப்போதும் வரவில்லையா? யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். கணினியும் டிரைவும் பேசிக்கொள்ளும் ஸ்கஸி முறையில் 'மீடியாவை வெளியே விடாதே' என்றே ஒரு கட்டளை உண்டு. பேக்கப் மென்பொருள் அதைக் கொடுத்திருந்தால் பட்டன் சும்மா அலங்காரம்தான்.

லினக்ஸில் ரூட்டாக (நிர்வாகியாக) நுழைந்து, டிரைவை எந்தப் புராசஸ் திறந்துவைத்திருக்கிறது என்று காட்டும் ஃபியூசர் கட்டளையைப் போடுங்கள். சாதாரணப் பயனராகப் போட்டால் அடுத்தவர் புராசஸ் கண்ணில் படாது. என்எஸ்டி0 என்ற சாதனப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு 'யாருமில்லை' என்று வந்துவிடாதீர்கள். ஒரே டிரைவுக்கு எட்டுப் பெயர்கள்: எஸ்டி0, அதன் எல், எம், ஏ வால்கள், இவை நான்குக்கும் முன்னால் என் போட்ட இன்னொரு நான்கு. எஸ்ஜி என்ற பொது ஸ்கஸி சாதனப் பெயர் வழியாகவும் ஒருவர் உள்ளே இருக்கலாம்.

பிடித்திருப்பது பாக்குலா என்ற பேக்கப் மென்பொருள் என்றால், புராசஸை நிறுத்தும் கில் கட்டளை வேண்டாம். அதன் கன்சோலில் அன்மவுண்ட் கொடுங்கள். எவரோ ஓடவிட்டுப்போன டார் (கோப்புகளைக் கட்டி டேப்பில் எழுதும் கட்டளை) என்றால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாதாரண கில் போதும். எடுத்ததும் மைனஸ் ஒன்பது (கட்டாயமாக நிறுத்தும் கில்) போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அதுவும், புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ்-இல் 'டி' நிலை (குறுக்கிட முடியாத காத்திருப்பு) தெரிந்தால் மைனஸ் ஒன்பதுக்கும் அது அசையாது. கர்னல் டிரைவின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. லினக்ஸின் டேப் டிரைவர் மென்பொருளான எஸ்டியின் நீண்ட டைம்அவுட் 14,000 விநாடி, கிட்டத்தட்ட நாலு மணி நேரம். கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் பிழை எதுவும் இல்லையென்றால் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

பிடி விட்டதும் டேப்பை இயக்கும் எம்டி கட்டளையில் ஆஃப்லைன் கொடுங்கள்; சுற்றி, வெளியே தள்ளும். வரவில்லையென்றால் எம்டி-எஸ்டி தொகுப்பின் அன்லாக், அல்லது எஸ்ஜி_பிரிவென்ட் கட்டளைக்கு 'அலவ்' கொடுத்துவிட்டு மறுபடி ஆஃப்லைன். ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் இதே வேலைக்கு டிசிடிஎல் கட்டளை. டேப்பைத் தானே மாற்றும் ஆட்டோலோடர் என்றால் ஆஃப்லைனுக்குப் பிறகு, அதை இயக்கும் எம்டிஎக்ஸ் கட்டளையின் அன்லோடும் வேண்டும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால்தான் பட்டனை நீளமாக அமுக்கிப் பிடிப்பது. எத்தனை விநாடி என்பது மாடலுக்கு மாடல் வேறு, மேனுவலைப் பாருங்கள். சிலவற்றில் அது டிரைவையே ரீசெட் செய்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் நாடா அறுந்து டேப்பும் போகும், டிரைவும் போகும். சிக்கியிருப்பது நாடாவின் முனையில் உள்ள லீடர் பின் என்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

கட்டாயமாக வெளியே எடுத்த டேப்பில் பஃபரில் இருந்த கடைசித் தரவும் முடிவுக் குறியும் எழுதப்படாமல் போயிருக்கலாம். தொடர்ந்து அதில் எழுதாதீர்கள். ரைட்-புரொடெக்ட் தாழ்ப்பாளை நகர்த்திவிட்டு, டாரில் பட்டியலெடுத்து எதுவரை படிக்கிறது என்று பாருங்கள். நின்ற இடத்துக்கு அப்பால் உள்ளதை வேறு டேப்பில் புதிதாக பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.